தண்ணீர் நிற்கும் நேரம்

நான்கு நாள் தீவுப் பயணத்தில் மூன்றாம் நாள் மத்தியானம் ஆகியிருந்தது. அதுவரை கடலுக்கு அடியில் என் மனைவி பார்த்தவை மூன்று: முப்பது பேருடைய கால்கள், ஒரு கடல் அட்டை, ஒரு ரப்பர் செருப்பு. இடது கால் செருப்பு.

“பரவால்லைங்க, வார் அறுந்து போகாம நல்லாத்தான் இருந்துச்சு அந்தச் செருப்பு,” என்றாள், விடுதி அறையில் ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே.

அவள் கத்தினால் பயமில்லை. கத்திவிட்டு மறந்துவிடுவாள். இப்படிச் செருப்பைப் பாராட்ட ஆரம்பித்தால்தான் பயம்.

அவள் வேலை பார்ப்பது ஒரு நூலகத்தின் குழந்தைகள் பிரிவில். அங்கே பவளப்பாறை மீன்களைப் பற்றி ஒரு பெரிய படப் புத்தகம் இருக்கிறது. பிள்ளைகள் இழுத்து இழுத்துக் கிழிப்பார்கள். இவள் டேப் போட்டு ஒட்டுவாள். பதினோரு வருடமாக ஒட்டி ஒட்டி, எந்தப் பக்கத்தில் எந்த மீன் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அதில் கிளிமீன் என்று ஒன்று. கிளி மூக்கு போல வாய். பச்சையும் நீலமும் ரோஸுமாக உடம்பு. அதை ஒரு தடவையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று நாற்பத்தெட்டு வயதில் நீச்சல் குளத்தில் சேர்ந்தாள். காலை ஆறு மணிக்குப் பெண்கள் வகுப்பு. ஏழு மாதம். முதல் மாதம் முழுக்க மூக்கில் தண்ணீர் ஏறி, தும்மிக்கொண்டேதான் வேலைக்குப் போனாள். ஆனால் விடவில்லை.

மறுநாள் பத்தரை மணிக்கு எங்களுக்குத் திரும்பும் படகு. அதற்குள் அவள் ஒரு கிளிமீனைப் பார்த்தாக வேண்டும்.

இரண்டாம் நாள் இடம் பார்த்தது என் சகலை. அதாவது என் மனைவியின் அக்கா வீட்டுக்காரர்; அக்காவும் அவருமாக எங்களோடு வந்திருந்தார்கள். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். யார் வண்டியில் ஏறினாலும் பக்கத்து இருக்கையில் இருந்தபடி இல்லாத பிரேக்கை மிதிப்பார். கைபேசியில் எந்தப் படத்துக்கு அதிகம் பேர் விருப்பம் போட்டிருக்கிறார்களோ அந்த இடத்துக்குப் படகு பேசினார். போய்ச் சேர்ந்தால் எங்களுக்கு முன்பே மூன்று படகுகள் நின்றன. முப்பது பேரும் தவளைக்கால் செருப்பை மாட்டிக்கொண்டு உதைத்ததில் அடியில் கிடந்த மணல் முழுக்க மேலே எழுந்துவிட்டது. எழுந்த மணல் ஒரு நிமிடத்தில் அடங்காது. பொடி மணலாக இருந்தால் ஒரு மணி நேரம்கூட மிதக்கும். தேநீர்க் குடுவைக்குள் தலையை விட்டது போல இருந்தது.

“நல்ல இடம்னா கூட்டம் வரத்தான் செய்யும், மச்சினி,” என்றார் சகலை.

“ஆமா மாமா. ஒருத்தருக்குக் கணுக்கால்ல மச்சம்கூட இருந்துச்சு,” என்றாள் இவள்.

மூன்றாம் நாள் இடம் பார்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. கூரை ஒழுகுகிறது, சுவர் ஓதம் காக்கிறது என்று கூப்பிட்டால் போய்க் காரணம் கண்டுபிடிப்பவன் நான். இருபத்தாறு வருடமாக இதுதான் பிழைப்பு. போனவுடன் எதையும் இடிக்க மாட்டேன். அரை மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பேன். தண்ணீர் ஒரே இடத்தில் நின்றால் சாது. ஓட ஆரம்பித்தால் திருடன். எந்த ஓட்டை வழியாக, எந்த அறைக்குப் போவான் என்று சொல்ல முடியாது. ஆகவே தீவின் மேற்குப் பக்கத்தில், மூன்று பக்கமும் கரை அணைத்த ஒரு குடாவைத் தேர்ந்தெடுத்தேன். காற்று இல்லை, அலை இல்லை. மேல்நிலைத் தொட்டி போல அசையாத தண்ணீர். இதைவிடப் பத்திரமான, தெளிவான இடம் கிடையாது என்று நினைத்தேன்.

பத்திரமும் இருந்தது, தெளிவும் இருந்தது. மீன்தான் இல்லை. கடல் அட்டையும் செருப்பும் அங்கே பார்த்தவைதான்.

போதாததற்கு, கண்ணையும் மூக்கையும் மூடும் என் நீச்சல் மாஸ்க் ஒழுகியது. என் மனைவி கழுத்தளவு தண்ணீருக்கு மேல் தனியாகப் போக மாட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் போவாள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை நான் நின்று, மாஸ்கைக் கழற்றி, உள்ளே சேர்ந்த தண்ணீரைக் கொட்டினேன். கரையில் குடைக்குக் கீழே கைபேசியில் சீட்டாடிக்கொண்டிருந்த அக்கா அதை எண்ணியிருக்கிறார்.

“பதினேழு தடவை,” என்றார். “ஏண்டி, ஊர்ல இருக்கற மொட்டைமாடியெல்லாம் அடைக்கறவரு, தன் மூஞ்சில இருக்கறத அடைக்க மாட்டாரா?”

அன்று சாயங்காலம் காலில் ஒட்டிய மணலைக் கழுவ, விடுதிக்கு எதிரே இருந்த பழைய படகுத்துறையின் படியில் இறங்கினேன். ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் தூண்களை உரசிக்கொண்டு ஒரு பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. தூணின் எதிர்ப்பக்கம், அதாவது ஓட்டம் வந்து மோதும் பக்கம், ஒரு விரல் இடம்கூடச் சும்மா இல்லை. சிப்பி, பாசி, மஞ்சளாக ஏதோ பஞ்சு போல ஒன்று, அதற்குள் புகுந்து புகுந்து வெளிவரும் பொடி மீன்கள். பின்பக்கம் போய்ப் பார்த்தேன். வழுக்கைத் தலை.

தலையில் அடித்துக்கொண்டேன். சுவரில் நான் முதலில் தேடுவதே பச்சையைத்தான். எங்கே பாசி பிடித்திருக்கிறதோ, எங்கே விரிசலில் ஒரு சின்னச் செடி எட்டிப் பார்க்கிறதோ, அங்கே தண்ணீர் போய்வருகிறது என்று அர்த்தம். உயிர் தண்ணீரின் வழியில்தான் குடியேறும். அதை வைத்துத்தான் திருடனையே பிடிப்பேன். கடலுக்கு வந்ததும் அந்தப் பாடத்தைத் தலைகீழாகப் படித்திருக்கிறேன். பவளம் பார்க்கச் செடி போல, கல் போல இருந்தாலும் உண்மையில் பல்லாயிரம் சின்ன உயிர்கள். இடத்தை விட்டு எழுந்து போக முடியாமல் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். சாப்பாட்டைத் தண்ணீர்தான் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். நான் தேர்ந்தெடுத்த குடா, பரிமாற ஆளில்லாத பந்தி. யார் வந்து உட்காருவார்கள்?

இன்னும் ஒன்று செய்தேன். தரைக்கு அடியில் குழாய் கசிந்தால், இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறுமுனையைக் காதோடு வைத்துக் கேட்போம். கசியும் இடத்தில் ஓசை கூடும். கம்பி இல்லை, காதையே தண்ணீருக்குள் வைத்தேன். சூடான எண்ணெயில் கடுகு பொரிவது போலப் படபடவென்று ஓர் ஓசை. காலையில் அந்தக் குடாவில் இப்படி எதுவும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

உடனே கரையோரமாகக் கிழக்கே கிளம்பினேன். இடுப்பளவு தண்ணீரில் ஐம்பது அடி நடப்பேன், குனிந்து காதை நனைப்பேன், கேட்பேன், மறுபடி நடப்பேன். பின்னாலேயே சகலை வந்தார்.

“என்ன சகல, கடலுக்கு ஜுரமா? நாடி பாக்கறீங்க.”

“மீன் இருக்கற இடத்துல சத்தம் கேக்குது சகல. நீங்களும் குனிஞ்சு பாருங்க.”

“நான் குனிஞ்சா நிமிர ரெண்டு பேர் வேணும். நீங்களே கேட்டுச் சொல்லுங்க.”

தீவின் கிழக்கு மூலையில் கடுகு பொரிவது ஒரு கல்யாண வீட்டுச் சமையல் அளவுக்கு உயர்ந்தது. அங்கே பாறை ஒன்று நாக்கு போல நீண்டிருந்தது. பாறைக்குப் பின்னால் அகலமான ஓர் ஏரி போலக் கடல் உள்ளே புகுந்து பரந்திருந்தது. அதற்கு வாசல் ஓர் அறை அகலமே உள்ள ஓர் இடுக்கு. அந்த வாசலின் இரண்டு பக்கமும் பவளத் திட்டு. நெஞ்சளவு ஆழம்தான், நடுவில் காலூன்ற வெறும் மணல். ஆனால் வாசல் வழியாகத் தண்ணீர் சரசரவென்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஒரு காய்ந்த இலையைப் போட்டு, கூடவே கரையில் நடந்தேன். பத்தடி தூரத்தை ஆறு எண்ணுவதற்குள் கடந்தது. என் மனைவி பத்தடி நீந்த இருபது எண்ண வேண்டும். காலையில் குடாவில் பார்த்திருக்கிறேன். தண்ணீர் ஆளைவிட வேகமாக ஓடினால் இறங்கக் கூடாது. அது மீனின் வீடாக இருக்கலாம், நமக்கு வீடில்லை.

விடுதிக்காரம்மா கொடியில் படுக்கை விரிப்புகளை உலர்த்திக்கொண்டிருந்தார். முப்பது வயதுதான் இருக்கும். வாயில் நான்கு துணி கிளிப்புகளைக் கவ்விக்கொண்டு அவர் பேசியது எனக்குப் பாதிதான் புரிந்தது. கிளிப்பை எடுத்தபின் மறுபடி சொன்னார்.

“கிழக்கு வாசலா? அதானே நல்ல இடம். அந்தப் பொரியற சத்தம் குட்டி குட்டி எறா கொடுக்கைச் சொடுக்கறது. தண்ணி ஏறி முடிஞ்சு, இறங்கறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் அப்படியே நிக்கும். அப்பப் போங்க.”

“முதல் நாளே சொல்லியிருக்கலாமேம்மா!”

“நீங்க யாரும் கேக்கலையே. உங்க சகலை வந்து எனக்கே இடம் சொல்லிக் குடுத்தாரு.”

வரவேற்பறைச் சுவரில் தண்ணீர் ஏறி இறங்கும் நேர அட்டவணை தொங்கியது. மறுநாள் காலை ஏற்றம் முடிவது ஏழு ஐம்பது. பத்தரைக்குப் படகு. ஏகப்பட்ட நேரம் இருக்கிறது என்று மகிழ்ந்துபோய், மாஸ்க் விஷயத்துக்கு வந்தேன்.

மாஸ்க் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. வாரைப் பின்னால் மாட்டாமல் வெறுமனே முகத்தில் வைத்து, மூக்கால் ஒரு மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். ரப்பர் முழுக்கத் தோலோடு படிந்திருந்தால் கையை எடுத்தாலும் விழாது. குளியலறைக் கண்ணாடி முன் நின்று இழுத்துப் பார்த்தேன். விழுந்தது. மறுபடி வைத்தேன்; விழுந்தது. காற்று எங்கே புகுகிறது என்று விரலை ஈரமாக்கி விளிம்பைச் சுற்றித் தடவினேன். மூக்குக்குக் கீழே குளிர்ந்தது. குழாயில் வாஷரைப் போடும்போது நடுவே ஒரு நூலிழை மாட்டினாலும் சொட்டும். என் விஷயத்தில் நூலிழை அல்ல, இருபத்தைந்து வருட மீசை.

ஐந்து நிமிடம் கழித்து வெளியே வந்தபோது என் மனைவி படித்துக்கொண்டிருந்த வார இதழ் கீழே விழுந்தது.

“ஐயையோ! என்னங்க இது?”

“ஒழுகலை அடைச்சுட்டேன்.”

கிட்டே வந்து, என் முகவாயைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். “பாவமா இருக்கீங்க. பத்தாம் வகுப்புல ஃபெயிலான பையன் மாதிரி.” பிறகு, “நாளைக்கு அது வந்துடும்ல?” என்று கேட்டாள். கிளிமீனைத்தான் கேட்டாள் என்பது எனக்குப் புரிந்தது. வரும் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. “சத்தம் கேட்டேன்,” என்று மட்டும் சொன்னேன்.

காலை ஏழரைக்கே நால்வரும் கிழக்கு மூலைக்குப் போய்விட்டோம். வெயில் சாய்வாக இறங்கி, தண்ணீரின் அடி வரை வெளிச்சம் போட்டிருந்தது. காற்று இன்னும் எழவில்லை. நான் இலையைப் போட்டேன். பத்தடி, எட்டு எண்ணிக்கை. சரி, அடங்கிக்கொண்டு வருகிறது.

ஏழு ஐம்பது. இலை போட்டேன். பத்து எண்ணிக்கை. இன்னும் ஓடுகிறது.

எட்டு மணி. பதினொன்று.

“அட்டவணையில ஏழம்பதுன்னுதானே போட்டிருந்துச்சு?” என்றாள். அதற்குள் மாஸ்கை மாட்டி, மூச்சு விடும் டியூபையும் கடித்துவிட்டிருந்ததால் அதைக் கழற்றிச் சொல்ல வேண்டியிருந்தது.

“போட்டிருந்துச்சு.”

“அப்போ கடல் படிக்கலையா அதை?” என்றார் சகலை. “பெட்டி கட்டலை, ரூம் காலி பண்ணலை. ஒன்பதரைக்குத் துறையில நிக்கணும். ரிவர்ஸ் எடுங்க சகல.”

எட்டேகால் ஆனது. அவள் மாஸ்கை நெற்றியில் ஏற்றிவிட்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அட்டவணை தவறாக இருந்தால் தண்ணீர் எப்போது நிற்கும் என்று எனக்குத் தெரியாது. பத்து மணிக்கு நிற்கலாம். நாங்கள் போன பிறகு நிற்கலாம்.

என்ன செய்வேன்? வழக்கம் போல உட்கார்ந்து பார்த்தேன். பாறை நாக்குக்கு வெளியே, முந்தைய ஏற்றங்கள் கல்லில் விட்டுப்போன கறைக்கோட்டைக் கடல் தொட்டு நின்றிருந்தது. அங்கே ஏற்றம் முடிந்துவிட்டது. பாறைக்கு உள்ளே திரும்பிப் பார்த்தேன். உள்ளே இருந்த ஏரியில் அந்தக் கறைக்கோட்டுக்குக் கீழே இன்னும் ஒரு முழம் உலர்ந்த கல் தெரிந்தது. அப்படிப் போடு!

“அட்டவணை தப்பில்ல,” என்றேன் எழுந்து. “அது வெளிக்கடலுக்குப் போட்டது. ரெண்டு தொட்டி பக்கத்துல பக்கத்துல இருக்குன்னு வெச்சுக்கோ. நடுவுல ஒரு ஒல்லிக் குழாய். ஒரு தொட்டி ரொம்பினவுடனே குழாய்ல தண்ணி நிக்காது. அடுத்த தொட்டியும் அதே மட்டத்துக்கு வரணும், அப்பதான் நிக்கும். உள்ள இன்னும் ரொம்பல. அந்தக் கல்லைப் பாரு, அது முங்கணும்.”

“எவ்ளோ நேரம் ஆகும்?”

ஒரு குச்சியை உள்ளே, கரையோரத்தில் நட்டு, ஐந்து நிமிடத்தில் எத்தனை விரற்கடை ஏறுகிறது என்று பார்த்தேன். மனக்கணக்குப் போட்டேன். “எட்டே முக்கால். மிஞ்சிப் போனா ஒன்பது.”

“ஒன்பதா!” என்றார் சகலை.

“நீங்க போய்ப் பெட்டி கட்டுங்க,” என்றார் அக்கா, கைபேசியிலிருந்து தலை தூக்காமல். “என் புடவையை மடிக்கத் தெரியாட்டி அப்படியே திணிங்க. அவ பாத்துட்டுத்தான் வருவா.”

சகலை போகவில்லை. பக்கத்தில் வந்து அவரும் கல்லைப் பார்க்க ஆரம்பித்தார். அரை மணி நேரம் நான்கு பெரிய மனிதர்கள் ஒரு கல் முங்குவதற்காகக் காத்திருந்தோம். எட்டு நாற்பத்தேழுக்கு இலையைப் போட்டேன். அது போட்ட இடத்திலேயே, தான் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று மறந்துவிட்டது போல, மெல்ல ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

“இப்போ!” என்று கத்தியது சகலைதான்.

மணலில் கால் வைத்து இறங்கினோம். பவளத்தின் மேல் காலோ கையோ படக் கூடாது என்று மறுபடி சொன்னேன்; மூக்கடைத்த குரலில் “தெரியும்” என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டு முகத்தைக் கவிழ்த்தாள். என் மாஸ்கில் ஒரு சொட்டுக்கூட நுழையவில்லை.

முதலில் அந்தப் பொரியும் ஓசை, எல்லாப் பக்கத்திலிருந்தும். பிறகு நிறம். கரையிலிருந்து பழுப்பாகத் தெரிந்த திட்டு, கிட்டப் போனால் ஊதாவும் மஞ்சளும் இளம்பச்சையுமாக, மொட்டு மொட்டாக, விசிறி விசிறியாக விரிந்து கிடந்தது. கோடு போட்ட சின்ன மீன்கள் எங்களைப் பார்த்துப் பவளக் கிளைக்குள் சட்டென்று ஒளிந்து, ஆபத்தில்லை என்று தெரிந்ததும் மறுபடி வெளியே வந்தன. டியூபுக்குள் அவள் ஒவ்வொன்றின் பெயரையும் சொன்னாள் என்று நினைக்கிறேன். எனக்குக் கேட்டதெல்லாம் “ஊ, ஊஊ, ஊ” மட்டும்.

அப்போது வேறொரு ஓசை. கறுக், கறுக். யாரோ கற்கண்டைக் கடிப்பது போல. அவள் என் விரல்களை நெரித்தாள். திட்டின் விளிம்பில், முழங்கை நீளத்தில் ஒன்று, பச்சையும் நீலமும் ரோஸுமாக, கிளி மூக்கால் பாறையைக் கொறித்துக்கொண்டிருந்தது. ஒரு கடி. கொஞ்சம் நகர்வு. இன்னொரு கடி. பின்னாலேயே இன்னும் இரண்டு வந்தன. அவள் அசையவே இல்லை. ஏழு மாதம் கற்றுக்கொண்ட நீச்சலில் அந்த நேரத்துக்கு வேண்டியிருந்தது மிதப்பது மட்டும்தான், நன்றாகவே மிதந்தாள். கொஞ்ச நேரத்தில் என் கை காலியாக இருப்பதைக் கவனித்தேன். அவள் இரண்டு ஆள் நீளம் முன்னால், மீனுக்குப் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தாள். ஆழம் அவள் கழுத்துக்கு மேல் இருந்தது. நான் பின்னாலேயே போனேன்.

திடீரென்று அவள் உடம்பு குலுங்கியது. பதறிப் போய்ப் பிடித்து மணல் பக்கம் இழுத்து நிறுத்தினேன். இருமலும் சிரிப்புமாக டியூபைத் துப்பினாள்.

“என்னங்க, பாத்தீங்களா? அது... அதுக்குப் பின்னாடி... மணலாப் போகுது!”

உண்மைதான். கிளிமீன் பாறையைக் கடித்து, அதில் ஒட்டிய பாசியைத் தின்றுவிட்டு, அரைபட்ட கல்லை வெள்ளை மணலாக வெளியே விடும். ஒரு மீன் ஒரு வருடத்தில் கூடை கூடையாக விடும். இதைத்தான் விளக்கமாகச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மறுபடி முகத்தைக் கவிழ்த்துவிட்டாள்.

இருபது நிமிடத்துக்கு மேல் இருந்திருப்போம். அடியில் இருந்த கடற்புற்கள் நேராக நின்றிருந்தவை மெல்ல வெளிப்பக்கம் சாய ஆரம்பித்தன. தண்ணீர் திரும்புகிறது. அவள் தோளைத் தட்டிப் புல்லைக் காட்டினேன். ஒரு விரலை உயர்த்தினாள்: ஒரு நிமிடம். நான் தலையாட்டவில்லை. அவளும் வம்பு பண்ணாமல், கடைசியாக ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, கரைக்கு நீந்தினாள்.

முகம் முழுக்க மாஸ்கின் வட்டத் தழும்போடு, சொட்டச் சொட்ட அக்காவின் எதிரே போய் நின்றாள்.

“அக்கா, மூணு பாத்தேன்! கல்லைக் கடிக்கற சத்தம்கூடக் கேக்குது. அப்புறம் நீ எது மேல உக்காந்திருக்கே தெரியுமா?” என்று தொடங்கி, மணல் எப்படி உண்டாகிறது என்று விவரமாகச் சொன்னாள். அக்கா முதல் முறையாகக் கைபேசியைக் கீழே வைத்தார். பிறகு அதையும் மணலிலிருந்து எடுத்துப் புடவையில் துடைத்தார்.

“உண்மையாவா சகல?” என்று என்னைக் கேட்டார் சகலை, ஒரு காலைத் தூக்கிப் பார்த்தபடி.

“பாதி உண்மை. மீதி சிப்பித் துண்டு.”

படகு கிளம்பியபோது பத்து முப்பத்தைந்து. அக்காவின் புடவைகள் திணிக்கப்பட்டுத்தான் இருந்தன. என் மனைவி எங்களோடு உட்காரவில்லை. படகோட்டியின் பக்கத்தில் போய் நின்று, தூரத்தில் பச்சையாகத் தெரிந்த ஒரு திட்டைக் காட்டிக் கேட்டாள்.

“அண்ணே, அங்க தண்ணி எத்தனை மணிக்கு நிக்கும்?”

“அது மாசத்துக்கு மாசம், நாளுக்கு நாள் மாறும்மா. எப்ப வரீங்க?”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சகலையைப் பார்த்தேன். சகலை பிரேக்கை மிதித்தார்.

“மே மாசம்,” என்றார் அக்கா, மடியில் இருந்த மணலைத் தட்டிவிட்டுக்கொண்டே. “எனக்கும் ஒரு மாஸ்க் சொல்லி வைடீ.”